போட்டோவுக்கு நாலு வரிசை

சிறுமணற்பேடு,
உத்திரமேரூர் வட்டம்.
20.01.2025

தம்பி செந்தமிழனுக்கு அக்கா ஜெயம்மாள் எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள். காணும் பொங்கலன்று என் வீட்டில் கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாய்: "அக்கா ஊரான் கழனிக்குத்தான் நாளெல்லாம் போவுது. நம்ம காணி புல்லுக் காடா கெடக்குது. இந்த நவரைப் போகம் ஒண்ணு பாப்பேன். அப்பால பக்கத்துக் கழனி புருஷோத்தமன் கையில குத்தகைக்கு வுட்டுடுவேன்."

நான் அப்போது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வாளியை உன் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ பாதியில் கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். அதோடு, இந்தக் கவரில் ஒரு படிவமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

முதலில், புல்லுக் காடானது யாரால்? மூன்று வருடமாக ஓசூரிலிருந்து போன் போட்டு, "நட்ட பதினஞ்சாம் நாள் அந்தக் களைக்கொல்லி டின்ன வாங்கி அடி, வேற ஒண்ணும் செய்யாத" என்று சொன்னது யார்? முதல் வருடம் புல் சுத்தமாகச் செத்தது. அடுத்த வருடம் பாதி செத்தது. போன சம்பாவில் மருந்து அடித்த நாலாம் நாள் போய்ப் பார்க்கிறேன், குதிரைவாலிப் புல் நெல்லைவிடத் தெம்பாக நிற்கிறது. கடைக்காரன் ஒன்றுக்கு ஒன்றரையாக ஊற்றச் சொன்னான். உன்னிடம் கேட்டேன், நீயும் ஊற்றச் சொன்னாய், ஊற்றினேன். நெல் மஞ்சளடித்துப் போனது, புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினாலு மூட்டைதான் தேறியது. அந்தப் பழியைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இங்கே உழவர் சங்கத்தில் நிஷா என்று ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. புல்லை ஒரே வழியில் அடித்தால் அது அந்த வழியைக் கற்றுக்கொள்ளும், நாலு பக்கமும் மறித்து அடிக்க வேண்டும் என்றாள். மார்கழியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். கழனியில் தண்ணீர் கட்டி, புல்லை முளைக்கவிட்டு, உழுது மடக்கினேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அதையே செய்தேன். உப்புத் தண்ணீரில் விதையைப் போட்டு மிதந்த பதரையும் புல் விதையையும் அள்ளிக் கொட்டினேன். புருஷோத்தமன் கழனியிலிருந்து நம் கழனிக்குத் தண்ணீர் இறங்குகிற மடையில் கொசுவலையை மடித்துக் கட்டியிருக்கிறேன். ஒரு நாளில் அதில் சேருகிற புல் விதையைப் பார்த்தால் நீ வாயடைத்துப் போவாய்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி நடவு. கயிறு போட்டு, வரிசைக்கு வரிசை ஒரு சாண் விட்டு நடப் போகிறோம். பதினைந்தாம் நாள் அந்த இடைவெளியில் கோனோ வீடர் என்கிற களைக் கருவியைத் தள்ளிக்கொண்டு போனால், அது புல்லைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கிவிடும். வீடர் சங்கத்தில் இருக்கிறது. இரவலாகத் தருவார்கள். ஆனால் நிலத்தின் உரிமையாளர் மையில் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் செல்லாது. அந்தக் காணியின் எந்தக் காகிதத்திலும் என் பெயர் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜெயம்மாள்


ஓசூர்
25.01.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கலன்று நான் பேசியதை மட்டும் எழுதியிருக்கிறாய். அதற்கு முன் மூன்று நாள் என் பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டாய், சோறு போட்டாய், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தாயே, அதை எழுதவில்லை. நானும் மனிதன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடர் வேண்டாம். நான் விசாரிக்காமல் சொல்லவில்லை. போன நவரையில் இதே சங்கம் புருஷோத்தமன் கழனியில் இதே வேலையைச் செய்து காட்டியதே, மறந்துவிட்டதா? பேனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பதினைந்தாம் நாள் வீடரை இறக்கினால் நாலு வரிசைதான் போனதாம். அப்புறம் பயிர் மேலேயே ஏறி மிதித்ததாம். "தம்பி, அது படம் காட்ற மிஷினு. அத்த நம்பி எறங்காத" என்று அவரே என்னிடம் சொன்னார். அவர் வாங்கிய அந்த வீடர் மோட்டார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பன்னிரண்டு காணி வைத்திருக்கிறவருக்கே ஆகாத வேலை, ஒரு காணி வைத்திருக்கிற நமக்கு ஆகுமா?

உப்புத் தண்ணீர், கொசுவலை, கயிறு என்று நீ எழுதியதை ஷெட்டில் பையன்களிடம் சொன்னேன், சிரித்தார்கள். நான் இங்கே நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை ஒரு வாரத்துக்கு இழுத்தால் எங்கள் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பதினைந்தாம் நாள் மருந்து அடிக்கச் சின்னராசுவிடம் சொல்லிவிட்டேன். வழக்கமாக நமக்கும் புருஷோத்தமனுக்கும் அடிக்கிற அதே ஆள்தான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், கழனிக்குக்கூட வர வேண்டாம். படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குத்தகை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். இந்த நவரையைப் பார்ப்பேன்.

செந்தமிழன்


சிறுமணற்பேடு
04.02.2025

தம்பிக்கு,

படிவத்தின் குறுக்கே "தேவையில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. உன்னைப் பத்தாவது முடிக்க வைக்க நான் எட்டாவதோடு நின்றது வீண் போகவில்லை.

இப்போது ஒன்று எழுதப் போகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ அதை வைத்துத்தான் என்னை மடக்குகிறாய் என்பதால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒன்றாம் தேதி நடவு நடந்தது. செல்லம்மாள், சந்தியா எல்லாம் சேர்த்து எங்கள் கூட்டாளிகள் ஏழு பேரும் வந்தார்கள். என்னோடு எட்டு. கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, நிஷாவைப் பார்த்து உன் கையெழுத்து இல்லாமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்கச் சங்கத்துக்குப் போனேன். வழி இல்லை. மாலை நாலு மணிக்குத் திரும்பினேன். வரப்பில் நின்று பார்த்தால் கோடு போட்டது போல் வரிசை. மனசு குளிர்ந்துபோய் உள்ளே இறங்கினேன். நாலு வரிசை தாண்டியதும் வரிசையைக் காணோம். எப்போதும் போலக் கைக்கு வந்த இடத்தில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த நாற்றுக் கட்டை வீசியடித்தேன். என்னடி இது என்று கத்தினேன். செல்லம்மாள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னாக்கா கத்தற? போன வருசம் புருஷோத்தமன் கழனில நீதானே சொல்லிக் குட்த்த. போட்டோல தெரியற வரைக்கும் கயிறு போதும், உள்ள யாரு வந்து பாக்கப் போறான்னு."

ஆமாம். நான்தான் சொன்னேன்.

போன வருடம் அந்தக் கழனியை நட்டது நாங்கள் எட்டுப் பேர். பேனர் கட்டியவர்கள் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துப் புருஷோத்தமனுக்கும் இன்னும் இருபது ஆண்களுக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து எல்லாம் விளக்கிச் சொன்னார்கள். அந்த நேரத்தில் நாங்கள் சேற்றில் நின்றோம். எங்களிடம் வந்து ஒரு கயிற்றைக் கொடுத்து, "நேரா நடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றார்கள். கயிறு எதற்கு, இடைவெளி எதற்கு, பின்னால் என்ன வரப் போகிறது, ஒருவர் சொல்லவில்லை. கயிறு போட்டு நட்டால் அரை நாள் கூடுதலாகும். அதே கூலிதான். முதுகு எங்களுடையது. போட்டோவுக்குத்தானே என்று வரப்போரம் நாலு வரிசை போட்டுக் கொடுத்தோம். அவர்களும் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

வீடர் நாலு வரிசையோடு நின்றதற்குக் காரணம் வீடர் இல்லை, நாங்கள். புருஷோத்தமனுக்கு இன்றுவரை தெரியாது. நிஷாவுக்கும் தெரியாது, அவள் அப்போது வேலைக்கு வரவில்லை. நீ எடுத்துக்காட்டிய சாட்சியே நான் செய்த திருட்டு வேலைதான்.

அன்று மாலை ஏழு பேரையும் வரப்பில் உட்காரவைத்து, வீடர் எப்படி ஓடும், கயிறு எதற்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற சந்தியா கேட்டாள்: "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க இன்னா மாட்டேன்னா சொல்லியிருப்போம்?" மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போக வேண்டியவர்கள், வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். நடுக்கழனியைப் பிடுங்கி மறுபடியும் வரிசையாக நட்டு முடித்தோம். இப்போது எந்த மூலையில் நின்று பார்த்தாலும் வரிசை தெரியும்.

இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். பதினாறாம் தேதிக்குள் வீடர் இறங்க வேண்டும்.

ஜெயம்மாள்


ஓசூர்
10.02.2025

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்தேன். ஒரு மனிதனின் கழனியில் இறங்கி இப்படி ஏமாற்றலாமா? நான் அதை உண்மை என்று நம்பி, உன்னிடமே எடுத்துச் சொன்னேன், நீ மனதுக்குள் சிரித்திருப்பாய். என் லைனில் ஒருவன் இப்படிச் செய்தால் அன்றே அவன் கார்டைப் பிடுங்கிவிடுவேன். அப்புறம், நீ எழுதியதில் உன் குற்றம் ஒரு பங்கு, ஊரார் குற்றம் மூன்று பங்கு. மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

படிவம் இதில் இல்லை. கிழித்துப் போடவில்லை, மேசையில் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. காரணத்தைக் கேள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா களை எடுத்துவிட்டு வருகிற நாட்களில் வாசலுக்கு வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உடனே நிமிர வராது. கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து என் வாத்தியார் கூட வந்திருந்தார். அம்மா அப்படியே குனிந்த வாக்கில் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அவர் போன பிறகு நான் அழுதேன். அப்பா ஐம்பது வயது வரை ஊரார் நிலத்தில் உழைத்துத்தான் இந்த ஒரு காணியை வாங்கினார். வாங்கியும் அம்மா குனிந்தாள். கம்பெனியில் வேலை நிரந்தரமான மாதம் நான் ஊருக்கு வாங்கி வந்தது புடவை இல்லை, அந்த மருந்து டின்தான். நம் வீட்டு நிலத்தில் இனி எந்தப் பெண்ணும் குனியக் கூடாது என்று நினைத்தேன். அதை நீ இப்போது கயிறு, கை, களை என்று பழைய இடத்துக்கே இழுக்கிறாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

சின்னராசு பதினாறாம் தேதி காலையில் வருவான். தடுக்காதே.

செந்தமிழன்


சிறுமணற்பேடு
17.02.2025

செந்தமிழனுக்கு,

தடுத்தேன்.

சின்னராசு முதுகில் டேங்க்கோடு வந்தான். நான் கழனி நடுவில் போய் நின்றேன். அடிப்பதென்றால் என் மேல் அடித்துவிட்டுப் போ என்றேன். அவன் சண்டைக்கு வரவில்லை. டேங்க்கை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு இன்னாக்கா, அண்ணன் சொன்னாரு, வந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த மருந்து இப்பல்லாம் என்னத்தான் சாவடிக்குது. புல்ல இல்ல." கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கைத் தோல் வெடித்து உரிந்திருக்கிறது. மூன்று வருடமாக அவனுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்க உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் மருந்துக்கு எதிரி இல்லை. நிஷாவும் இல்லை. மடையோரம் கோரை மண்டிய இடத்துக்கு மட்டும் வேறு ஒரு மருந்தைச் சொன்னாள். சின்னராசுவையே கையுறை போடவைத்து அந்த ஒரு மூலைக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். கால் மணி நேர வேலை. இதையும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் எதையும் மறைத்தேன் என்று சொல்லாதே.

மன்னிப்பைத் தேடினாய் அல்லவா. நான் செய்தது தப்பு. போதுமா? புருஷோத்தமனிடமும் சொல்ல வேண்டும், இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது அம்மா விஷயம். படித்ததும் எனக்கும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. அம்மா குனிந்தது உனக்குத் தெரிந்தது. நான் குனிவது எப்படியடா தெரியாமல் போனது? நம் காணியில் மருந்தை அடித்துவிட்டு, அதே பருவத்தில் ஊரார் கழனிகளில் நாற்பது நாள் களை எடுக்கிறேன். நானும் அதே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறேன். நீ போனில் "வேலைய முட்சிட்டியா" என்று கேட்பாய், நான் "முட்சிட்டேன்" என்பேன். வீடர் நின்றுகொண்டு தள்ளுகிற கருவி. குனியாமல் களை எடுக்க ஒரு வழி வந்திருக்கிறது என்றுதான் ஒரு மாதமாகக் கதறுகிறேன். அம்மா பெயரைச் சொல்லி அதையே மறிக்கிறாய்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதைக் கேட்கக் கூடாது என்று பன்னிரண்டு வருடமாக வாயை மூடி வைத்திருந்தேன். 2012-இல் அப்பா போன அடுத்த மாதம், சார் பதிவாளர் அலுவலகத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேனே, அன்றைக்கு உன்னை ஒரு கேள்வி கேட்டேனா? பத்திரத்தில் என்ன இருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை. பேனாவின் மூடியை நீதான் கழற்றி என் கையில் கொடுத்தாய். தம்பிதானே என்று போட்டேன். வெளியே வந்து எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாய்.

அந்த ஒரு கையெழுத்தோடு நான் அந்தக் காணிக்கு யாரும் இல்லாமல் போனேன். உழுவது நான், நடுவது நான், மடை திறப்பது நான். வீடர் கேட்டால் "உரிமையாளரை வரச் சொல்லுங்க" என்கிறார்கள். பயிற்சி என்றால் பட்டாதாரர் பெயரைக் கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்கிறேன், நீ வராததால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. என் முழுப் பங்கையும் கேள்வி கேட்காமல் உனக்குக் கொடுத்தேன். நீ எனக்குப் பத்து நாள் ஒரு இரும்புச் சாமானைக் கொடுக்கச் சாட்சி கேட்கிறாய், விசாரணை வைக்கிறாய், உன் ஷெட்டில் பையன்களைக் கூப்பிட்டுச் சிரிக்கிறாய்.

என் வீட்டுக்காரர், உன் மாமா, "சண்ட எதுக்கு, கழனிய குட்த்துடு அவங்கிட்டயே" என்கிறார். கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது படிவம். பதினைந்து நாள் தாண்டிவிட்டது. புல் உன் மனம் மாறுகிற வரை காத்திருக்காது.

ஜெயம்மாள்


ஓசூர்
23.02.2025

அக்கா,

கடிதத்தை உன் தம்பி பெண்டாட்டி வாங்கிப் படித்தாள். ரோஸ் மில்க் வரைக்கும் சத்தமாகப் படித்தாள். அப்புறம் மடித்து, படிவத்தோடு சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

படிவத்தைப் பூர்த்தி செய்திருக்கிறேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன், விட்டுவிட்டேன். உன் பெயரை எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுதான் நியாயம் என்று பட்டது.

குத்தகைப் பேச்சை விட்டுவிட்டேன். புருஷோத்தமனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் தம்பி,
செந்தமிழன்


சிறுமணற்பேடு
04.03.2025

தம்பிக்கு,

உன் கடிதம் 26-ஆம் தேதி வந்தது. என் பெயரைப் பார்த்ததும் மூன்று தடவை வாசித்தேன், பொய் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சங்கத்துக்குப் போனேன். மேனேஜர் படிவத்தை வாங்கினார், கம்ப்யூட்டரில் சர்வே நம்பரைப் போட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பட்டா செந்தமிழன் பேர்ல கீது. இங்க ஜெயம்மாள்னு கீது. இன்னாம்மா, கையெழுத்த நீங்களே போட்டுக்கினீங்களா?" என்று கேட்டார். அங்கே உரம் வாங்க நின்ற நாலு பேர் சிரித்தார்கள். உன் நியாயத்தின் மேல் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் போராடி வாங்கிய கையெழுத்து இப்படிப் போனது. உனக்கு மனசு இளகினால்கூட எனக்குத்தான் அலைச்சல். அழகாக எழுதினாய், ஆனால் தப்பான காகிதத்தில் எழுதினாய்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வீடர் வேறு எங்கே இருக்கிறது? புருஷோத்தமன் மோட்டார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. நீயே எழுதியிருந்தாய். அதைக் கேட்க வேண்டுமானால் முதலில் அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் போனேன். களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, நாலு வரிசை, நாங்கள் சிரித்தது வரை சொன்னேன்.

அவர் என்னைப் பேசிய பேச்சை எழுத மாட்டேன். தெருவே வந்து நின்றது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு வருசமா அந்த மிஷினு கம்பெனிக்காரன திட்டிக்கினு கீறேன். அவன் இன்னா பாவம் பண்ணான்" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் கழனியிலும் மருந்துக்குப் புல் சாவதில்லை, தெரியுமா? உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். வீடரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அடுத்த போகத்தில் அவர் கழனியில் மூலைக்கு மூலை கயிறு போட்டு நட வேண்டும் என்றார். நடுகிறோம், ஆனால் கயிற்றுக்கு ஆகிற அரை நாளுக்கும் கூலி உண்டு, வீடரையும் நாங்கள்தான் தள்ளுவோம், ஆணுக்குத் தருகிற கூலியையே தர வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும். எட்டுப் பேரும் ஒரே பேச்சாக இருக்கிறோம்.

ஒன்றாம் தேதி வீடர் நம் காணியில் இறங்கியது. முதலில் சந்தியா தள்ளினாள். நாலாவது வரிசை தாண்டியபோது நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கடைசி வரப்பை முட்டித் திரும்பி நின்றபோது செல்லம்மாள் கும்மியடித்தாள். அவ்வளவு பெரிய உடம்பு, வரப்பு இடிந்துவிடும் என்று பயந்தேன்.

சந்தோஷம் அதோடு சரி. பதினைந்தாம் நாள் ஓட வேண்டிய வீடர் இருபத்தெட்டாம் நாள் ஓடியது. உன் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில் வேர் விட்ட புல் வீடருக்கு அசையவில்லை. அதையெல்லாம் எட்டுப் பேரும் இரண்டு நாள் குனிந்து கையால் பிடுங்கினோம். உன் வீட்டு நிலத்தில் எந்தப் பெண்ணும் குனியக் கூடாது என்றாயே, அந்த இரண்டு நாளும் உன்னால் குனிந்தது. இதை நீ மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆனாலும் போன சம்பாவில் இதே நாளில் இருந்த புல்லில் கால்வாசிகூட இப்போது இல்லை. உழுது மடக்கியதும் விதையைக் கழுவியதும் வலையும் வரிசையும் எல்லாமாகச் சேர்ந்து செய்த வேலை அது. மூன்று வருடமாகக் கண்ணில் படாத ஆரைக்கீரை வரப்போரம் தலைகாட்டியிருக்கிறது. கடைந்து சாப்பிட்டோம். நிஷா பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டாள், நடவு செய்கிற பெண்களுக்கு என்று தனியாக. எட்டு நாற்காலி போட்டாள். வருகைப் பதிவில் என் பெயரை எழுதியபோது பக்கத்துக் கட்டத்தில் "பட்டா எண்" என்று இருந்தது. காலியாக விட்டேன்.

அந்தக் காலியிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் மனசில் நான் உரிமையாளர் என்றால் எனக்கு அது போதாது. சிவப்பு மை இழுக்க முடியாத காகிதத்தில் எழுது. பாதிக் காணியை எனக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம், அப்புறம் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. பத்திர எழுத்தரிடம் பேசிவிட்டேன். மூலப் பத்திரம், ஆதார் நகல், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. அன்று வீடரின் இரண்டாம் ஓட்டம். பழைய கால்சட்டை ஒன்றும் கொண்டுவா. நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் வரிசை கோணாமல் எப்படித் தள்ளுகிறான் என்று நாங்கள் எட்டுப் பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சார் பதிவாளர் அலுவலகம் போகலாம். அன்றைக்குப் பேனாவை நீ கொண்டு வந்தாய். இந்தத் தடவை நான் கொண்டு வருகிறேன்.

ஜெயம்மாள்